ஒன்பதாவது பெட்டியின் சத்தம்

அருமைநாயகம் இறந்து இருபத்தெட்டாம் நாள். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரின் அச்சுப்படி களுதாவளை வீட்டுக்கு வந்திருந்தது. மூன்று மணிக்குள் பிழை திருத்தி அச்சகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கடைசியாகப் பார்க்க வேண்டியவள் மகள் யசோதினி.

வாழ்க்கைக் குறிப்பை எழுதியவன் அவளுடைய மச்சான் சதீசன். பாடசாலையில் தமிழ் படிப்பிப்பவன். வீதியோரக் கடையில் இருந்து, எரிந்த மோட்டர்களுக்குச் செம்புக் கம்பிச் சுருளான கொயில் கட்டிக் கொடுத்த மனிதரை ‘மின்னியல் வானின் விடிவெள்ளி’ என்று போட்டிருந்தான். யசோதினி அதை வெட்டினாள். ‘களுதாவளைப் பதியில் வந்துதித்து’ என்பதையும் வெட்டி, ‘பிறந்து’ என்று எழுதினாள். மூன்றாவது பந்திக்கு வந்ததும் பேனை நின்றது.

‘வளைகுடா நாட்டின் கேளிக்கைப் பூங்காவொன்றில், மாபெரும் ரோலர் கோஸ்டரின் மோட்டரில் மறைந்திருந்த பழுதைத் தன் காதால் மட்டுமே கேட்டுக் கண்டுபிடித்துப் பாராட்டுக் கடிதம் பெற்ற புதல்வி யசோதினியை எண்ணி, அன்னார் இறுதிவரை பூரித்திருந்தார்.’

அந்தப் பழுதைக் கண்டுபிடித்தது அவள் அல்ல. அவர்.

பதினெட்டு வயதில் ஏறாவூர் அரிசி ஆலையொன்றில் தொழில் பழகியவர் அருமைநாயகம். அதே மேசையில் எதிர்ப்பக்கம் இருந்து கூடப் பழகியவர் உசனார். எரிந்த கொயிலை வெட்டி எடுப்பது, சுற்றுகளை எண்ணுவது, புதுச் செம்புக் கம்பி கட்டுவது, வானிஷ் ஊற்றிக் காயவைப்பது. பிறகு களுதாவளையில் சொந்தக் கடை. வெற்றிலைத் தோட்டத்துத் தண்ணீர் மோட்டர், வாவிக்கரை ஐஸ் ஆலை மோட்டர், இறால் குளத்தில் தண்ணீரைக் கலக்குகிற மோட்டர் எல்லாம் அவரிடம்தான் வரும். திறப்பதற்கு முன்னர் ஓட விடுவார். திருப்புளியின் நுனியை மோட்டரின் உடம்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். “பெயரிங்” என்பார், அல்லது “கொயில்” என்பார். பிழைத்தது குறைவு. வானிஷ் கறை நகத்திலிருந்து ஒருநாளும் போனதில்லை. கோயிலுக்குப் போகும்போதும் அந்தப் பழுப்பு நகங்களோடுதான் போவார்.

யசோதினி மின் பொறியியல் படித்துப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன்னர் அவரைப் பதினைந்து நாள் கூப்பிட்டு வைத்திருந்தாள். அவள் பொறுப்பிலிருந்த ரோலர் கோஸ்டரைக் காட்டப் போனபோது அவர் அதில் ஏற மாட்டேன் என்றுவிட்டார். புறப்படும் பாதைக்கு எதிரே ஒரு வாங்கில் உட்கார்ந்துகொண்டார்.

“புள்ள, இதுக்க மோட்டர் எங்க?”

“வண்டியில மோட்டர் இல்ல அப்பா. எல்லாம் பாதையிலதான்.”

வண்டியின் அடியில் ஒரு அலுமினியத் தகடு நின்றது. பாதையில் இரண்டு வரிசையாகப் பெட்டிகள். தகடு அவற்றின் நடுவே புகுந்து போகும். மூன்று விநாடியில் வேகம் மணிக்குத் தொண்ணூறு கிலோமீற்றர். மூன்றாவது வண்டி போனதும் அவர் தொடையில் தட்டினார்.

“ஆ, விளங்கிற்று! உருண்டை மோட்டர வகுந்து பாய் மாதிரி விரிச்சிப் போட்டிருக்கானுகள். பெட்டிக்குள்ள கிடக்கிறது நம்மட கொயில்தான். தகடுதான் றோட்டர். சுத்துறதுக்குப் பதிலா நேரா ஓடுது.”

அது சரி. அவளுக்கு அதைப் படிப்பிக்கப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தவணை எடுத்தது. மூன்று பேஸ் மின்சாரம் கொயில்களுக்குள் முறை வைத்துப் பாயும்போது, காந்தப்புலம் வரிசை நெடுக ஓடுகிறது. அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் ஓடும் புலம் அதைக் கடக்கையில் தகட்டுக்குள் மின்னோட்டம் பிறக்கிறது. அந்த ஓட்டத்தைப் பிடித்துத்தான் புலம் தகட்டை இழுத்துக்கொண்டு போகிறது.

“அப்ப தகடு எப்பவும் கொஞ்சம் பின்னுக்குத்தான் ஓடும், என்ன? சரிக்குச் சரி வந்தா இழுவை இல்ல.”

“ஓம் அப்பா. மெதுவாக் கதைங்க.”

அவர் மெதுவாகக் கதைக்கவில்லை. இரண்டு கைகளையும் உயர்த்தி, விரல்களை விரித்துப் பாய் விரிப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேர் அந்தப் பக்கமாக வந்தார்கள். யசோதினி தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நாலு அடி தள்ளிப் போய் நின்றாள். யாரும் அழைத்திருக்கவில்லை.

இரண்டு மணித்தியாலம் கழித்து அவர் அவளைக் கூப்பிட்டார்.

“இடப்பக்கம் ஒன்பதாவது பெட்டி சரியில்ல. மத்ததெல்லாம் ‘ம்ம்’ எண்டுது, அது மட்டும் கரகரக்குது. உள்ளுக்க கொயில் இளகிப் போச்சு.”

“கணினி ஒண்டும் காட்டல்ல அப்பா.”

“கணினிக்குக் காது இரிக்கா?”

மறுநாள் காலை, பூங்கா திறப்பதற்கு முன்னர், யாருக்கும் சொல்லாமல் ஒன்பதாவது பெட்டியில் கருவியை வைத்துப் பார்த்தாள். மின்கசிவைத் தடுக்கும் காப்பு, மற்றப் பெட்டிகளில் இருந்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. இன்னும் சில கிழமை விட்டிருந்தால் கொயில் எரிந்திருக்கும், வேகம் போதாமல் வண்டி மேட்டில் ஏறாது பின்னால் உருண்டு வந்திருக்கும். பிரேக் பிடித்துக்கொள்ளும்தான். ஆனாலும் உள்ளே இருப்பவர்களுக்கு உயிர் போய் வந்திருக்கும். பெட்டியை மாற்றினார்கள்.

“எப்படித் தெரியும்?” என்று மேலதிகாரி கேட்டார்.

“சத்தத்தில்.”

“நீ கேட்டாயா?”

“ஓம்” என்றாள்.

அந்த ஒரு சொல்தான். அன்று பின்னேரம் “ஒன்பதாவத மாத்தியாச்சு” என்று மட்டும் தகப்பனிடம் சொன்னாள். “பாத்தியா, பாத்தியா!” என்று அவர் குழந்தைபோல் சிரித்தார். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு பாராட்டுக் கடிதம் வந்தது, பிறகு பதவி உயர்வு. அந்தச் செய்தியை அவள் தொலைபேசியில் சொன்னபோது வீட்டில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். சதீசன் ஒலிபெருக்கியில் போட்டிருந்தான். “என்னத்துக்கு மச்சாள் கடிதம்?” என்று கேட்டான். சொன்னாள். தன் காதால் கேட்டுப் பழுதைக் கண்டுபிடித்ததற்கு என்று. பிறகு அப்பாவின் குரல்:

“என்ர மகள் தானே. காது அப்பிடித்தான்.”

அதற்குப் பிறகு ஊரெல்லாம் அவரே சொல்லித் திரிந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கும்போது மட்டும், மற்றவர்கள் பக்கத்தில் இல்லையென்றால், “ஒன்பதாவது இப்ப எப்பிடி ஓடுது?” என்று கேட்பார். “நல்லா ஓடுது அப்பா.” இரண்டு வருடம் அப்படிப் போனது. நெஞ்சுவலி வந்த அன்று, காதை அவளுக்கு இரவல் கொடுத்தபடியே போய்விட்டார்.

“என்ன மச்சாள், சந்திப் பிழையா?” சதீசன் எட்டிப் பார்த்தான்.

“ஆள் பிழை.”

சொன்னாள். சதீசன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

“இப்ப எதுக்கு இது? மாமாவே அப்பிடித்தானே சொன்னவர். அவர்ர விருப்பத்துக்கே கிடக்கட்டும். இத ஆரும் முகநூலில போட்டா உங்கட கம்பனிக்கும் போயிரும்.”

“கம்பனிக்கும் எழுதத்தான் வேணும். இண்டைக்கே எழுதுறன்.”

“வேலை போனா?”

“போகட்டும் மச்சான். அவர்ர புத்தகத்திலயும் நான் களவெடுக்க ஒண்ணாது.”

வாசலோரக் கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த உசனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஏறாவூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர்.

“நில்லு மகள்” என்றார். “அப்ப நாயகம் எனக்கும் பொய்யா சொன்னான்? ‘உன்ட மகள் உன்ன வெண்டுட்டாள்டா, இனி உன்ட காது பழசு’ எண்டு நான் கடையில வச்சு எத்தினை தரம் நக்கலடிச்சிருப்பன்! வாற ஆக்கள் எல்லாம் சிரிச்சாங்க. அவனும் சேந்து சிரிச்சான். ‘ஓம் உசனார், பழசுதான்’ எண்டான். நாப்பத்தெட்டு வருசத்தில அவன் எனக்கு ஒரு பொய் சொன்னதில்ல.”

யசோதினி நிமிரவில்லை.

“ஏன் மகள், ‘என்ட அப்பாதான் கேட்டவர்’ எண்டு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சிரும்?”

“சொன்னா, ‘கூட்டிக்கொண்டு வா’ எண்டு கேப்பாங்க, மாமா. அவர் வந்து எல்லாருக்கும் முன்னால கையை நீட்டிக் கதைப்பார். அந்த நகமும், கறையும்… எனக்கு வெக்கமா இருந்திச்சு.”

உசனார் கோப்பையைக் கீழே வைத்தார். வானிஷ் கறை போகாத தன் இரண்டு கைகளையும் மெல்ல மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

அதைப் பார்த்த பிறகு அவளால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. உள்ளே போய் முகம் கழுவினாள். திரும்பி வந்து மூன்றாவது பந்தி முழுவதையும் வெட்டினாள். சதீசனின் தமிழ் அவளுக்கு வராது. வந்தபடி எழுதினாள்:

‘வெளிநாட்டில் ஒரு ரோலர் கோஸ்டரின் மோட்டரில், கருவிகள் காட்டாத பழுதை அருமைநாயகம் காதால் கேட்டுச் சொன்னார். அதை மகள் யசோதினி தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிப் பாராட்டு வாங்கினாள். அவர் யாருக்கும் அதைச் சொல்லவில்லை.’

சதீசன் அதை இரண்டு தரம் வாசித்தான். ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல் அச்சகத்துக்கு அனுப்பினான். மணி இரண்டே முக்கால். யசோதினி மடிக்கணினியைத் திறந்து மேலதிகாரிக்கு ஐந்து வரி எழுதினாள். அனுப்பிவிட்டு மூடினாள்.

உசனார் எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டார்.

“எத்தினை புத்தகம் அடிக்கிறீங்க?”

“முந்நூறு.”

“எனக்கு இருபது வேணும். அந்தக் கதைய ஏறாவூர்க் கடையெல்லாம் கொண்டு திரிஞ்சது நான்தான். சொன்ன ஆக்களுக்கெல்லாம் குடுக்கோணும்.”

“அனுப்பி வைக்கிறன் மாமா.”

“அனுப்ப வேணாம்” என்றார். “நீயே கொண்டு வா. ஆர் ஆருக்கு எண்டு நான் காட்டுறன். உன்ட கையால குடு.”

“வாறன்” என்றாள் யசோதினி.