ஏஞ்சல் மீனுக்கு வந்த அரிப்பு

கோவில்பட்டியில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்திவந்த ரேணுகாதேவிக்கு ஆரம்பத்தில் மீன் மேல் ஆசை எதுவும் இருக்கவில்லை. பசுவந்தனைப் பக்கம் செம்மறி ஆடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். நல்ல மழை பெய்த வருஷங்களில் கண்மாயில் துள்ளும் கெண்டைக் குஞ்சுகளைத் தவிர வேறு மீனை அவர் உயிரோடு பார்த்ததில்லை. திருநெல்வேலியில் விடுதியில் தங்கி லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்தார். சில வருஷம் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு சொந்தமாக லேப் வைத்தார். முன்னால் ஒரு ஹால், நடுவில் ரத்தம் எடுக்கிற அறை, பின்னால் சாமான் போடுகிற அறை. அவ்வளவுதான் லேப்.

மீன் பைத்தியம் பிடித்தது அவர் கணவர் மந்திரமூர்த்திக்கு. கண்ணாடிக்கடை வைத்திருந்தவர். தூத்துக்குடிக்குச் சரக்கு எடுக்கப் போன இடத்தில், யோகராஜ் என்பவர் வீட்டில் கடல் மீன் தொட்டிகளைப் பார்த்திருக்கிறார். கடலில் மூழ்கி எடுப்பவர்களிடம் வண்ண மீன்களை வாங்கிச் சென்னைக்கு அனுப்புவது யோகராஜின் தொழில். அன்று ஊர் திரும்பிய மந்திரமூர்த்தி சாப்பிடும்போதும் மீனைப் பற்றியே பேசினார். கடையில் மிஞ்சிய தடித்த கண்ணாடியை ஒட்டி அவரே ஒரு தொட்டி செய்தார். வீட்டில் இடமில்லை என்று லேப் ஹாலுக்குக் கொண்டுவந்தார்.

"ரத்தம் குடுக்க வாரவங்க முன்னால மீனத் தூக்கி வைக்கணுமாக்கும்?" என்றார் ரேணுகாதேவி.

"ஒரு மாசம் இருக்கட்டும். பிடிக்கலேன்னா எடுத்துருதேன்."

எடுக்க வேண்டி வரவில்லை. அதுவரை ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் ரேணுகாதேவியின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறந்தால் எல்லா முகமும் ஒன்றாக நிமிரும். தொட்டி வந்த பிறகு முகங்கள் அந்தப் பக்கம் திரும்பின. என்ன வரப்போகிறதோ என்று கையைப் பிசைந்துகொண்டிருந்த ஒருவர், மீன் ஒன்று மணலை வாயில் அள்ளித் துப்புவதைப் பார்த்துச் சிரித்ததை ரேணுகாதேவி கவனித்தார். அன்றிலிருந்து மீனுக்கு இரை போடுவதை அவரே எடுத்துக்கொண்டார். சிறுநீரின் அடர்த்தியை அளக்கிற கண்ணாடி மிதவை ஒன்றைப் புதிதாக வாங்கி, தொட்டித் தண்ணீரின் உப்பை அதை வைத்துப் பார்த்துக்கொண்டார். கடல் தண்ணீர் தூத்துக்குடியிலிருந்து கேன்களில் பஸ்ஸில் வந்தது. ஒவ்வொரு முறையும் கண்டக்டரிடம் மூடியைத் திறந்து காட்டி, மண்ணெண்ணெய் இல்லை என்று மந்திரமூர்த்தி நிரூபிக்க வேண்டியிருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் அந்தத் தொட்டி மொத்தமாகச் செத்தது. புதிதாக வாங்கிய ஒரு மீனைப் பையிலிருந்து நேராகத் தொட்டியில் விட்டார்கள். அதன் உடம்பில் உப்புத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. பிறகு எல்லா மீனுக்கும் வந்தன. அந்த வாரம் முடிவதற்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மந்திரமூர்த்தி மணலை அள்ளிக் கொட்டிவிட்டு, தொட்டியைக் காய்ந்த துணியால் மூடிப் போட்டார். ஏழெட்டு மாதம் அது அப்படியே கிடந்தது.

மறுபடி தொடங்கியபோது இரண்டு கோமாளி மீன்கள் மட்டும் வாங்கினார்கள். அவை நன்றாக நிலைத்துவிட்டன. இரண்டாயிரத்து ஐந்தின் கோடையில், யோகராஜ் ஒரு ஏஞ்சல் மீன் வந்திருப்பதாகப் போனில் சொன்னார். மூன்று விரல் அகலம் இருக்கும். கருநீல உடம்பு முழுக்க வளைவு வளைவாக வெள்ளைக் கோடுகள். பார்த்ததும் மந்திரமூர்த்தியால் விட்டுவர முடியவில்லை.

ஆனால் இந்த முறை ரேணுகாதேவி கறாராக இருந்தார். சந்தையில் வாங்கிய ஆட்டை அவர் அப்பா ஒருநாளும் நேராகக் கிடையில் விட்டதில்லை. தள்ளித் தனியாகக் கட்டி, இருமுகிறதா கழிகிறதா என்று பார்த்த பிறகே சேர்ப்பார். "மீனுக்கும் அதேதான்" என்று சொல்லிவிட்டார். பின்னறையில் மணல், கல் எதுவும் இல்லாத வெறும் தொட்டி ஒன்று தயாரானது. ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு, காற்று ஊத ஒரு சின்ன மோட்டார். ஏஞ்சல் அங்கே குடியேறியது.

மறுநாளே அது உரச ஆரம்பித்தது. நீந்திக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒருக்களித்து, குழாயில் விலாவைத் தேய்த்துக்கொண்டு போகும். திரும்பி வந்து மறு பக்கத்தைத் தேய்க்கும். தலையை வெடுக்கென்று உதறும். ரத்தம் எடுக்க உதவிக்கு இருந்த சொர்ணத்தாய்தான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, இது என்ன, மாடு மரத்துல உரசுத மாதிரி உரசுது?"

ரேணுகாதேவி உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்து தொட்டி முன்னால் குந்தினார். வெள்ளைப் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஒரு கண் மட்டும் லேசாகப் பனி மூடினதுபோல் இருந்தது. போட்ட இறால் துண்டு போட்ட இடத்தில் கிடந்தது.

மந்திரமூர்த்தி யோகராஜைப் போனில் கூப்பிட்டுக் கேட்டார். "அண்ணாச்சி, புள்ளி இனிமேத்தான் வெளிய தெரியும். இங்கன நாங்க மயில்துத்தம்தான் போடுதோம். பாத்து அளவாப் போடுங்க, கூடிட்டா மீனே போயிரும்" என்றார் யோகராஜ்.

அளவாகத்தான் போட்டார்கள். காப்பர் சல்பேட் என்கிற அந்த நீல உப்பை லேப் தராசில் நிறுத்துக் கரைத்துவிட்டார் ரேணுகாதேவி. உரசல் குறையவில்லை. ஏஞ்சல் ஒரு மூலையில் போய், செவுள் படபடவென்று அடிக்க, மேலே பார்த்தபடி நின்றது. இரண்டு நாளில் அதன் வயிறு ஒட்டிவிட்டது.

"தேவி, இது நிக்காது போலிருக்கு" என்றார் மந்திரமூர்த்தி. பழைய தொட்டியை அவர் கையாலேயே காலி செய்தவர்.

ரேணுகாதேவிக்குத் தன் மேலேயே எரிச்சலாக இருந்தது. காய்ச்சல் என்று வருகிறவர்களிடம், டெஸ்ட் எடுக்காமல் மாத்திரை போடாதீர்கள் என்று தினமும் சொல்கிறவர் அவர். இங்கே என்ன நோய் என்று பார்க்காமலே மருந்து போட்டிருந்தார். அன்று பாதித் தண்ணீரை வடித்துவிட்டு, கேனில் இருந்த கடல் தண்ணீரை ஊற்றித் துத்தத்தைக் குறைத்தார். மத்தியானம் லேப்பைச் சொர்ணத்தாயிடம் விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தார்.

வெளிநாட்டில் கடல் மீன் வளர்ப்பவர்கள் எழுதியிருந்ததை ஆங்கிலத்தில் மெல்ல மெல்லப் படித்தார். புள்ளியே இல்லாமல் உரசினால், கண் மூடினால், அது தட்டைப்புழுவாக இருக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கண்ணாடி மாதிரி இருப்பதால் மீன் உடம்பில் ஒட்டியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. துத்தம் அதை ஒன்றும் செய்யாது. உப்பில்லாத நல்ல தண்ணீரில் மீனை ஐந்து நிமிஷம் போட்டால், மீன் தாங்கும், புழு தாங்காது. வெள்ளையாகிக் கீழே உதிரும். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நல்ல தண்ணீர் என்றதும் ரேணுகாதேவிக்குச் சிரிப்பு வந்தது. கோவில்பட்டியில் அந்தக் கோடையில் மனிதருக்கே அது சுலபமாகக் கிடைக்கவில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வரும். வீட்டில் குடிக்கப் பிடித்து வைத்திருந்ததிலிருந்து இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டு ரெங்கம்மாள் வழியில் மறித்தார்.

"குடிக்கிற தண்ணிய எங்க கொண்டுட்டுப் போற?"

"லேப்ல ஒருத்தருக்கு அவசரம்மா" என்றார் ரேணுகாதேவி. அதற்குமேல் விளக்கவில்லை.

குளோரின் வாடை போக அந்தத் தண்ணீரில் ஒரு நாள் முழுக்கக் காற்று ஊதினார். எழுதியிருந்தபடி சமையல் சோடா கொஞ்சம் கலந்து, தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குக் கொண்டுவந்தார். உதிர்கிறது தெரிய வேண்டும் என்பதற்காகக் கறுப்பு பிளாஸ்டிக் சட்டி ஒன்றை மந்திரமூர்த்தி வாங்கிவந்தார்.

மறுநாள் காலை ஆட்கள் வருவதற்கு முன்னால் மூன்று பேரும் பின்னறையில் கூடினார்கள். ரேணுகாதேவி ஏஞ்சலை ஒரு சின்ன டப்பாவில் பிடித்து, வலையால் எடுத்துச் சட்டியில் விட்டார். அது ஒரு சுற்று வேகமாகச் சுற்றியது. பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து அடியில் படுத்துவிட்டது.

"எடுத்திரு தேவி" என்றார் மந்திரமூர்த்தி.

"செவுள் ஆடுது, பாருங்க."

"செத்துரும். எடுத்திருன்னு சொல்லுதேன்லா."

"கொஞ்சம் பொறுங்க" என்றார் ரேணுகாதேவி. வலையைத் தண்ணீருக்குள்ளேயே, மீனுக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார். எத்தனையோ குழந்தைகளின் நரம்பைத் தேடிப் பிடித்த கை அது.

அப்போது ஏஞ்சலின் கண்மேல் ஏதோ வெளுத்தது. அதுவரை எதுவுமே இல்லாத இடத்தில், அரிசிக் குருணைபோல ஒன்று சுருண்டது. சுருண்டு கழன்று கறுப்புச் சட்டியின் அடியில் போய் விழுந்தது. பிறகு விலாவிலிருந்து இன்னொன்று. வாலடியில், நெற்றியில், துடுப்புக்குக் கீழே என்று வரிசையாக வெளுத்து வெளுத்து உதிர்ந்தன.

"ஐயோ, இத்தனையா அக்கா" என்றாள் சொர்ணத்தாய் மெல்ல. "பாவம், அரிக்காம என்ன செய்யும்."

நேரம் ஆனதும் ரேணுகாதேவி மீனை எடுத்து, சுத்தமான கடல் தண்ணீர் வாளியில் விட்டார். அது நிமிர்ந்தது. ஒருமுறை தலையை உதறிவிட்டு நீந்தியது. மந்திரமூர்த்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ரேணுகாதேவி உட்காரவில்லை. சட்டியில் கிடந்ததில் ஒன்றை உறிஞ்சு குழாயால் எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். தட்டையான உடம்பு. முன்னால் இரண்டு வட்டம். பின்னால் பெரிய தட்டு, அதில் கொக்கிகள்.

"ஏங்க, வந்து பாருங்க. கொக்கி போட்டுப் பிடிச்சிருந்திருக்கு."

மந்திரமூர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இதயா நாம புள்ளி புள்ளின்னு தேடுனோம்?" என்றார்.

நோய் இன்னதென்று தெரிந்ததுமே ரேணுகாதேவிக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. மீதி வேலையை அவர் பதற்றமில்லாமல் செய்தார். புழுவின் முட்டைகள் தொட்டியில் இருக்கும் என்பதால், தொட்டியையும் குழாயையும் கழுவி மொட்டை மாடி வெயிலில் கவிழ்த்தார். கரிசல் மண்ணைப் பிளக்கிற வெயிலுக்கு அந்த முட்டைகள் எம்மாத்திரம். தொட்டி காய்ந்து திரும்ப வரும்வரை ஏஞ்சல் வாளியிலேயே இருந்தது. புழு மருந்து வேண்டும் என்று, தங்கள் லேப்புக்கு வழக்கமாக வருகிற கால்நடை டாக்டர் கார்த்திகேசனிடம் கேட்டார்.

"எத்தனை கிலோ ஆடும்மா?" என்றார் டாக்டர்.

"ஆடு இல்ல சார். மீனு. மூணு விரல் அகலம் இருக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டு, அவர் சொன்னதை எல்லாம் கேட்டார். "பிராசிகுவான்டெல்தான் சரியா இருக்கும். ஆட்டுக்கும் நாய்க்கும் நாடாப்புழுவுக்குக் குடுக்கிறதுதான். மீனுக்கு நான் குடுத்ததில்லை. நீங்க படிச்ச அளவுலயே போடுங்க. என்னாச்சுன்னு எனக்கும் வந்து சொல்லுங்க" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை தண்ணீரில் சரியாகக் கரையவில்லை. நுணுக்கிப் பொடியாக்கி, துளி ஸ்பிரிட்டில் குழைத்து, பிறகுதான் தொட்டியில் கலக்க முடிந்தது. தப்பிய முட்டை பொரித்துவிட்டால் என்ன செய்வது என்று சில நாள் இடைவெளி விட்டு மறுபடியும் போட்டார். முதல் மருந்துக்கு மறுநாள், சொர்ணத்தாய் நறுக்கிப் போட்ட மட்டிச் சதையை ஏஞ்சல் பார்த்தது. வாயில் எடுத்துத் துப்பியது. மறுபடி எடுத்தது. இந்த முறை துப்பவில்லை. சொர்ணத்தாய் ரத்தம் எடுக்கிற அறைக்கு வந்து, ஊசியைக் குத்திக்கொண்டிருந்த ரேணுகாதேவியைத் தொந்தரவு செய்யாமல், "சாப்பிட்டுட்டு அக்கா" என்று மட்டும் சொன்னாள். கையை நீட்டியிருந்த பெரியவர், "யாரும்மா?" என்று கேட்டார். "உள்ளார ஒரு நோயாளி தாத்தா" என்றார் ரேணுகாதேவி. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அதன் பிறகு உரசல் இல்லை. ஒருநாள் குழாய்க்குள் திரும்பும்போது ஏஞ்சல் லேசாக இடித்துக்கொண்டது. ரேணுகாதேவி அன்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது வெறும் இடிதான். கண்ணில் இருந்த மூட்டம் விலகி, வயிறு உருண்டு வந்தது. கடைசியாக ஒருமுறை நல்ல தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். ஏஞ்சல் இந்த முறை சாயாமல் சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. கறுப்பு அடி கறுப்பாகவே இருந்தது.

"நெகட்டிவ்" என்றார் ரேணுகாதேவி. மந்திரமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று.

ஏஞ்சல் ஹாலுக்கு வந்த அன்று கோமாளி மீன்கள் இரண்டும் சேர்ந்து அதைத் தொட்டி முழுக்க விரட்டின. சாயங்காலத்துக்குள் சமாதானமாகிவிட்டது. அன்று லேப்பைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, கணவனும் மனைவியும் போய் புரோட்டா சாப்பிட்டார்கள். டாக்டர் கார்த்திகேசனுக்கு மந்திரமூர்த்தி நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த இரண்டு வருஷத்தில் ஏஞ்சல் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்தது. அந்த வகை மீன் வளர வளர நிறம் மாறுமாம். வெள்ளைக் கோடுகள் மெல்ல அழிந்து, பச்சையும் பழுப்புமாக உடம்பு மாறி, அதன்மேல் நீலப் பொட்டுகள் சிந்தின. வெகுநாள் கழித்துச் சர்க்கரை பார்க்க வந்த ஓட்டப்பிடாரத்துக்காரர் மாயகிருஷ்ணன், தொட்டி முன்னால் நின்று தேடினார்.

"ஏம்மா, அந்தக் கோடு போட்ட மீன் போயிட்டா?"

"அதேதான் அண்ணாச்சி இது. வளந்துட்டு" என்றார் ரேணுகாதேவி.

அவர் நம்பினமாதிரி தெரியவில்லை. ஆனாலும் ரிசல்ட் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.