கிருபாபாய் வைத்த மூணு பட்டன்

நான் படிச்சது நாலாங்கிளாஸ். ஆனாலும் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பெருங்கடவிளை என்று மூணு ஊரிலும் பேக்கரி போட்டவன் நான் ஒருத்தனாக்கும். கணக்கெல்லாம் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றெட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். அதில் கணக்கு ஏற்ற கிருபாபாயும் வந்து சேர்ந்தாள். என் நிம்மதி போச்சு.

உதியன்குளங்கரைக்காரி. மாப்பிள்ளைக்கு ரப்பர் வெட்டு. ரெண்டு பிள்ளை பெற்ற பிறகு கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனவள். சத்தம் கூட்டிப் பேச மாட்டாள்; சொன்னதைக் கேட்கவும் மாட்டாள். எந்தக் கடையில் எவ்வளவு விற்றது, அது ஒன்றுதான் நான் கேட்டது. அவள் திரையில் மூணு பட்டன் வைத்தாள். ஒன்றை அமுக்கினால் கடைவாரி, அடுத்தது சாமான்வாரி, மூணாவது கிழமைவாரி.

"ஒரு சோறு தின்ன மூணு இலையா பிள்ளே?" என்றேன்.

"விற்பனை ஒண்ணுதான் முதலாளி. பாக்குற பக்கம்தான் மாறும்."

ஒருநாள் அவள் வருமுன் நானே சாமான்வாரியை அமுக்கினேன். ஏத்தங்காய் வத்தல், எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய்தான், மாசத்துக்கு இருபது கிலோ! வாரம் பன்னிரண்டு குலை காய் இறங்குகிறது. மிச்சம் எங்கே? மூணு கடைக்கும் வத்தல் போடுகிற தங்கையன் பதினெட்டு வருஷமாய் என் அடுப்படியில் நிற்கிறவன். நேரே போனேன்.

"எலே கள்ளா, சனிக்கிழமையோட அடுப்பை அணைச்சிட்டுப் போயிரு!"

வேலைக்காரர் ஏழு பேரும் பார்த்து நின்றார்கள். ஆத்திரம் அடங்காமல், நெய்யாற்றின்கரையிலிருந்து சரக்கெடுக்க வந்த டிரைவருக்கும் விளங்கட்டும் என்று மலையாளத்திலும் கத்தினேன். தங்கையன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

கிருபாபாய் வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கடைவாரிக்கு மாற்றி, ஒவ்வொரு கடையாகத் திறந்தாள்.

"பாறசாலைல வத்தல் இருபது. நெய்யாற்றின்கரைல உப்பேரி எவ்வளவு, வாசிங்க."

"தொண்ணூறு."

"பெருங்கடவிளைல சிப்ஸ்?"

"நாப்பது. அதுக்கென்ன இப்ப?"

"இது மூணும் என்ன சாமான் முதலாளி?"

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. மூணும் தங்கையன் சட்டியில் பொரிந்த அதே ஏத்தங்காய்தான்! கடைக்கு ஒரு பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கே நாக்கு ஊருக்கு ஊர் தானாக மாறும்.

"அந்தப் பெட்டிக்கு இதுகூடத் தெரியாதா?"

"நாமதான் சொல்லிக் கொடுக்கணும். பேரை நான் ஒண்ணாக்குதேன். நீங்க தங்கையன் அண்ணன்கிட்ட போங்க."

போனேன். அடுப்பை அணைக்க வேண்டாம் என்றேன்.

"கள்ளன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னிய. அவிய முன்னாலயே அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கணும்," என்றான்.

இந்த வயசு வரை யாரிடமும் நான் சொல்லாத வார்த்தை. ஏழு பேரையும் கூப்பிட்டு, "தப்பு என்னுதுதான், தங்கையன் நேரானவன்" என்றேன். அவன் அசையவில்லை.

"இன்னும் என்னடே?"

"தமிழுக்கு ஆச்சு. மலையாளத்துலயும் ஏசினியளே முதலாளி."

டிரைவர் மறுபடி வரும்வரை காத்திருந்து, அவன் முன்னால் மலையாளத்திலும் சொன்னேன்.