ஐந்தடி ஆறங்குலம்

ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் இருந்த ஹென்ஷா துரையின் தோட்டத்தில் நல்லமுத்து பெயருக்குத் தோட்டக்காரர். காய்ந்த மட்டை இழுப்பார், எரு வைப்பார், கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். இதையெல்லாம் செய்ய அங்கே இன்னும் நாலு பேர் இருந்தார்கள். நல்லமுத்துவுக்கென்று தனியாக இருந்த வேலை, நிற்பது. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். பதினெட்டு வருஷம் நின்று பார்த்தால் சிரிப்பு வராது.

ரப்பரில் சம்பாதித்ததையெல்லாம் துரை பனைச் சாதி மரங்களில் கொட்டியிருந்தார். பாக்கு, ஈச்சை, கூந்தல்பனை, முள்ளோடு நிற்கும் நீபோங் என்று எழுபது வகைக்கு மேல் இருந்தன. அத்தனையையும் படம்பிடித்துப் பெரிய புத்தகமாகப் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வெறும் மரத்தைப் படம் எடுத்தால் அது பத்தடியா எண்பதடியா என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது. ஆகவே அடிமரத்தை ஒட்டி ஓர் ஆள் நிற்க வேண்டும். 1913-இல் துரை தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி அளந்து பார்த்தார். நல்லமுத்து மயிரிழை பிசகாமல் ஐந்தடி ஆறங்குலம் இருந்தார். கணக்குப் போடத் தோதான உயரம் என்று துரை அவரையே வைத்துக்கொண்டார்.

துரை முக்காலியில் படம்பிடிக்கும் பெட்டியை ஏற்றிக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும், நல்லமுத்து தலைப்பாகையை அவிழ்த்துவிட்டு மரத்தடியில் போய் நிற்பார். எட்டு நொடி ஆடக் கூடாது, அசையக் கூடாது. கட்டெறும்பு ஏறினாலும் அது பாட்டுக்கு ஏற வேண்டியதுதான். பெட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். துரை அதில் நல்லமுத்துவின் உச்சந்தலையைப் பார்ப்பார், குதிகாலைப் பார்ப்பார், இந்த மரம் எத்தனை நல்லமுத்து என்று எழுதிக்கொள்வார். நடுவில் ஒரு முகம் இருப்பது அவருடைய கணக்கில் சேரவில்லை. படத்துக்கு அடியில் மரத்தின் பெயரை இரண்டு வரிக்கு எழுதிவிட்டு, 'ஆள், ஐந்தடி ஆறங்குலம்' என்று முடிப்பார்.

1929-இல் துரை சீமைக்குப் போனார். கூந்தல்பனை பூத்தால் பூங்குலையை வெட்டிக் காயவைத்து எடுத்து வை என்று சொல்லிவிட்டுப் போனார். பூத்தது. நல்லமுத்து ஏறினார். ஏணி சரிந்தது. இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்து எழுந்தபோது, ஆள் எழுந்தாரே தவிர முதுகு எழவில்லை.

துரை திரும்பி வந்தபோது மற்ற ஆட்கள் வாயைத் திறக்கவில்லை. நல்லமுத்து அவர்கள் கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தார். ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போய், தோட்டம் தோட்டமாக ஆட்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. உடம்புக்கு முடியாதவர்களைத்தான் முதலில் ஏற்றினார்கள். நல்லமுத்து ஒன்பது வயதில் இந்தக் கரைக்கு வந்தவர். அந்தக் கரையில் இறங்கினால் வாவென்று சொல்ல ஈ காக்கை கிடையாது. மகள் நவமணியைக் கெப்பாலா பத்தாசில் கட்டிக்கொடுத்து மூன்று பேரப்பிள்ளைகள் ஆகிவிட்டன. கப்பல் ஏறினால் அந்தப் பிள்ளைகளை இந்த ஜென்மத்தில் மறுபடி பார்ப்பது நடக்காது. அந்த நினைப்பு வந்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

குறைந்துபோன உயரத்தை ஈடுகட்ட முதலில் குதிகாலைத் தூக்கி நின்று பார்த்தார். கால் நடுங்கியதில் படம் கலங்கிப்போய், துரை கத்தித் தீர்த்தார். அப்புறம்தான் ஒரு செங்கல் வந்தது. மட்டைக் கூடைக்கு அடியில் அதை ஒளித்துக் கொண்டுபோய், துரை துணிக்குள் தலையை விடுவதற்குள் மரத்தடியில் போட்டு, சருகைத் தள்ளி மூடி, மேலே ஏறிக்கொள்வார். பல்லைக் கடித்து முதுகை முடிந்தமட்டும் நிமிர்த்துவார். அந்த எட்டு நொடியில் உயிர் போய் உயிர் வரும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. மனுஷன் மரத்துக்கு மரம் கல் சுமந்து களைத்துப்போனார்.

1931-இல் தோட்டத்துக் குடைப்பனை பூத்தது. அந்த மரம் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். உச்சியில் வெண்ணெய் நிறத்தில் தேர் கட்டியது போல நின்றது பூ. பெட்டியில் எடுத்தால் எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறம் வேண்டும் என்று துரை ஓர் ஓவியரை அழைத்தார். டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் முகம்மது கனி, முப்பது வயதுக்காரர், தூரிகைக் கட்டோடு வந்து இறங்கினார். துரை அவருக்குச் சொன்னது ஒன்றுதான். கண்ணுக்குத் தெரிவதை வரைய வேண்டும், கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

இந்தத் தடவை எட்டு நொடியோடு போகவில்லை. மூன்று நாள், காலையும் மாலையும், நல்லமுத்து கல்லின் மேல் நின்றார். நாள் முழுக்க எந்த முதுகு நிமிர்ந்து நிற்கும்? மூன்றாம் நாள் மத்தியானம் கனி தண்ணீர் குடிக்கப் போனபோது அவர் மெதுவாக வந்து தாளைப் பார்த்தார்.

மரம் அப்படியே இருந்தது. அதன் அடியில் ஒரு கிழவர், கழுத்து முன்னால் நீண்டு, முதுகு வளைந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். காலடியில் காற்றில் சருகு விலகி, செங்கல் தெரிந்தது. அதன் உடைந்த மூலையைக்கூட விடாமல் வரைந்திருந்தான் பாவி. பதினெட்டு வருஷத்தில் நல்லமுத்து தன்னை ஒழுங்காகப் பார்த்த முதல் படம் அது. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் மீறிப் பயம் வந்தது.

"தம்பி, அந்தக் கல்ல மட்டும் எடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார், கனி வந்ததும்.

"உள்ளத விடக்கூடாதுன்னு தொரை சொல்லியிருக்காருண்ணே."

"தொரை பாத்தா என்னைக் கப்பல்ல ஏத்திடுவாரு. எனக்கு அங்க யாரும் இல்ல தம்பி."

கனி பழுப்பு நிறத்தைக் குழைத்துக் கல்லின் மேல் காய்ந்த மட்டை ஒன்றை விழ வைத்தார்.

"கல்லு போச்சு லா. முதுக என்னண்ணே செய்யிறது? அத நிமித்துனா நீங்க இல்லாமப் போயிடுவீங்க."

சாயந்திரம் துரை வராந்தாவில் படத்தை வைத்துப் பார்த்தார். தோட்டத்தில் பழகிய தமிழ் அவருக்கு நன்றாக வரும். பூவைப் பார்த்தார், மட்டையை எண்ணினார், திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே அடிமரத்துக்கு வந்தார்.

"யார் இந்தக் கெழவன்? நல்லமுத்து எங்கே?"

"அவருதாங்க தொரை" என்றார் கனி.

துரை திரும்பினார். படியோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஆளைத் தலை முதல் கால்வரை, நடுவில் பெட்டி இல்லாமல் நேராகப் பார்த்தார். உள்ளே போய் அளவு நாடாவோடு வந்தார். தூணோடு சேர்த்து நிறுத்தி அளந்தார். ஐந்தடி, இரண்டே முக்கால் அங்குலம். துரையின் முகம் வெளுத்துவிட்டது.

"இத்தனை நாள் எடுத்த படம் முழுக்கத் தப்பா?"

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? நல்லமுத்து கூடையிலிருந்து செங்கல்லை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். பேரப்பிள்ளைகளின் பெயரை மனசுக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டார்.

துரை குனிந்து கல்லை அளந்தார். மூன்று அங்குலம். எத்தனை நாளாக, எந்த மரத்திலிருந்து, எப்போதும் இதே கல்லா, படுக்கப் போட்டா நிறுத்தியா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கூட்டிப் பார்த்தார். வித்தியாசம் கால் அங்குலம்தான். நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"படம் எதுவும் கெட்டுப்போகல. நல்ல ஆளுப்பா நீ. அந்தக் கல்ல ஒடச்சிடாதே. இன்னும் கொறைஞ்சா மறைக்காம எங்கிட்ட சொல்லு. வேற கல் போட்டுக்கலாம்."

"சரிங்க தொரை" என்றார் நல்லமுத்து.

ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு நடந்து வந்தார். கப்பல் இல்லை, வேலை போகவில்லை, சந்தோஷப்பட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார். உடம்பில் சந்தோஷத்துக்குத் தெம்பு இல்லை. வாசல்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மனைவி குணவதியிடம் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். நவமணிக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்றாள். அப்புறம் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அளந்து பாத்தாருல்ல. ஏன் கொறஞ்சதுன்னு கேட்டாரா?"

நல்லமுத்து யோசித்துப் பார்த்தார். கல்லைப் பற்றிக் கேட்டார், தேதியைக் கேட்டார், மரத்தின் வரிசையைக் கேட்டார்.

"இல்ல. அது மட்டும் கேக்கல" என்றார்.