இணைச்சீரும் இறங்கிய தோளும்

பத்து வருடங்களுக்கு மேல் கபடி ஆடியிருக்கிறேன். வெள்ளகோவிலில் பள்ளி மைதானத்தில் தொடங்கி, பீளமேட்டில் கல்லூரிக்காக ஆடி, மாநில அணி வரை போனேன். இடது மூலையில் நிற்பேன். பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்து இழுத்து உட்காருவதுதான் என் வேலை. அந்த ஆட்டமெல்லாம் தொண்ணூறுகளின் நடுவில், என் அண்ணன் கல்யாணத்தோடு முடிந்துபோயிருக்க வேண்டியது.

கல்லூரியில் சேரும்போதே அப்பா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "அடிபட்டு ஒரு நாள் படுத்தீன்னா அன்னிக்கே ஆட்டத்த உட்டுப்போடோணும் அம்மணி." நானும் சரிங்கப்பா என்று தலையாட்டிவிட்டேன். பதினெட்டு வயதில் எதற்குத்தான் தலையாட்ட மாட்டோம். அப்பா ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. தோட்டத்தை விட்டுவிட்டு வர முடியாது என்பார். பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையில் ஆடுவதைப் பார்க்கக் கூச்சம் என்பதுதான் நிஜம்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு மாநில அணிக்கான தேர்வு ஆட்டம் நடந்தது. கடைசி நிமிடங்களில் ஒருத்தியைப் பிடித்தேன். அவள் திமிறியதில் என் வலது தோள்மூட்டு இறங்கிவிட்டது. எங்கள் உடற்கல்வி ஆசிரியை அங்கேயே தெரிந்த ஒருவரை வைத்து ஏற்றிவிட்டு, கழுத்தோடு கையைக் கட்டித் தொங்கவிட்டார். சாயங்காலம் பட்டியலில் என் பெயர் இருந்தது. முகாம் அடுத்த மாதம். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் செய்தேன்.

சிங்காநல்லூரில் பஸ் ஏறி, பல்லடம் தாண்டியதும் அந்தக் கட்டை அவிழ்த்துப் பைக்குள் திணித்தேன்.

வேறு கல்யாணமாக இருந்தால் காய்ச்சல் என்று ஒரு மூலையில் சுருண்டிருக்கலாம். இது அண்ணன் கல்யாணம், நான் ஒரே தங்கை. எங்கள் பக்கம் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள்தான் இணைச்சீர் செய்ய வேண்டும். கூறைச்சேலையும் சீர்ப்பொருள்களும் வைத்த மூங்கில் கூடையைக் கையில் ஏந்திக்கொண்டு, அத்தனை சனமும் பார்க்க அண்ணனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அவள் நிற்காமல் கல்யாணம் ஒரு அடி நகராது.

மூன்று நாள் நான் நடித்த நடிப்பு இருக்கிறதே. சாப்பிடும்போது கை வாய்க்கு வராது, வாய்தான் இலைக்குப் போகும். "காணாதது கண்டவளாட்டத் திங்கறா" என்று அண்ணன் சிரித்தான். தலை பின்ன முடியவில்லை. கழுத்துப் பிடிப்பு என்று சொல்லி அம்மாவிடம் தலையைக் கொடுத்தேன். அம்மாவுக்கு வந்த சனத்தைக் கவனிக்கவே நேரமில்லை, நம்பிவிட்டாள். அப்பா மட்டும் பந்தல்காரரோடு பேசிக்கொண்டே அவ்வப்போது என் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சீர் தொடங்கியது. சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் கூடையை என் கையில் கொடுத்தார். முதலில் தாங்கினேன். பாட்டும் சடங்கும் நீண்டுகொண்டே போக, தோளுக்குள் யாரோ ஆணியை வைத்துத் திருகுவதுபோல் வலித்தது. பல்லைக் கடித்தேன். கூடை ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. இது கீழே விழுந்தால் அபசகுனம் என்று ஊரே பேசும், என் தோள் வெளியே தெரியும், கபடி அதோடு சரி. எல்லாமே ஒன்றாக மனதில் ஓடியது.

அப்போது கூடை லேசானது. அப்பா பக்கத்தில் வந்து, கூடைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார்.

அருமைக்காரர் தயங்கினார். "ஏனுங்க, தகப்பன் கை வெக்கற சீரில்லீங்களே இது."

"கூடை கனமுங்க. நீங்க சீரப் பாருங்க" என்றார் அப்பா. கையை எடுக்கவில்லை. சீர் முடிகிறவரை அப்படியே நின்றார். மகள்மேல் எவ்வளவு பாசம் என்று அத்தை ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். எனக்கோ மாட்டிக்கொண்டேன் என்பது தெரிந்துவிட்டது.

மறுநாள் தாலி கட்டி முடிந்து, பந்தி ஓய்ந்த பிறகு, அப்பா மொபெட்டைக் கிளப்பிவிட்டு, "ஏறு" என்றார். காங்கேயத்தில் எலும்பு டாக்டரிடம் போகிறோம் என்று பாதி வழியில்தான் புரிந்தது. பின்னால் உட்கார்ந்து நான் சண்டைக்கு வசனங்களைத் தயார்செய்துகொண்டே போனேன். கெஞ்சுவது, மிரட்டுவது, பட்டினி கிடப்பது எல்லாம் அதில் உண்டு.

டாக்டர் தோளை அமுக்கிப் பார்த்தார், படம் எடுத்தார். எலும்பில் ஒன்றுமில்லை, தசைநார்தான் இழுத்திருக்கிறது, மூன்று வாரம் கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றார்.

அப்பா தோள் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்ப அடுத்த மாசம் கேம்ப்புக்குப் போலாமுங்களா?"

முகாம் பற்றி வீட்டில் நான் மூச்சுவிடவில்லை.

"மெதுவா ஆரம்பிச்சாப் போலாங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியுமுங்கப்பா?"

"நீ பஸ் ஏறுன அன்னிக்கே உன்ற டீச்சரம்மா நம்மூரு உரக்கடைக்குப் போன் பண்ணி என்னையக் கூப்புட்டுச் சொல்லிப்போட்டாங்க. நீயா வாயத் தொறப்பீன்னு பாத்தேன்."

மூன்று நாளாக ஒருத்தருக்கொருத்தர் நடித்திருக்கிறோம். கோபம்தான் முதலில் வந்தது. கூடவே உடம்பில் இருந்த முறுக்கெல்லாம் தளர்ந்து, ஆஸ்பத்திரி வாசல் என்றும் பாராமல் அழுதேன். அப்படி ஒரு நிம்மதியை எந்தக் கோப்பையும் எனக்குப் பிறகு தரவில்லை.

"ஆட்டத்த உடச் சொல்லுவீங்கன்னு பயந்துட்டனுங்க."

"படுத்தாத்தான உடச் சொன்னேன்? நீ எங்க படுத்த, மூணு நாளா ஊடு பூரா ஓடிட்டுத்தான இருந்த."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். கிளப்பப் போனவர் திரும்பாமலே கேட்டார்.

"தோளு எறங்குனப்ப புடிச்ச புள்ளய உட்டுட்டியா?"

"இல்லீங்கப்பா."

"அப்பறமென்ன" என்று சொல்லி அப்பா வண்டியைக் கிளப்பினார்.