பெட்டிக்குள்ளிருந்து வந்த பதில்

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற ஆள். மறைக்கவில்லை. எலி ஓடினால் பெருச்சாளி என்பேன், தூறல் போட்டால் தெருவில் படகு விட்டார்கள் என்பேன். ரிட்டயர் ஆனவனுக்கு இதைவிட மலிவான பொழுதுபோக்கு வேறு என்ன இருக்கிறது? ஆனால் இந்த விஷயத்தில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. நம்புகிறவர் நம்பலாம். நம்பாதவர் என் வீட்டுக்கு வந்து, பின்னறையில் ஒரு மதியம் தனியாக உட்கார்ந்து பார்க்கலாம். காபி நான் போட்டுத் தருகிறேன்.

இருட்டிலும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். வெளியே மழை.

முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். யாருமே இல்லாத கட்டடத்தில் லிஃப்ட் தானாக ஏழாவது மாடிக்கு ஏறிப்போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். காவலாளிகள் செருப்பை விட்டுவிட்டு ஓடுவார்கள். நான் பலகையைக் கழற்றிப் பார்ப்பேன். பொத்தானில் ஈரம் இருக்கும், இல்லையென்றால் வயர் தேய்ந்திருக்கும். காரணம் இல்லாமல் எந்த லிஃப்டும் நின்றதில்லை. அதனால் பேய் என்றால் எனக்குச் சிரிப்பு வரும்.

வந்தது. அந்த ஞாயிறு வரைக்கும்.

வீட்டில் நான் ஒற்றை ஆள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இருந்த ஒரே துணை தம்பி. வீட்டில் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். ஓரிடத்தில் நிற்க மாட்டான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் சாவியையும் எடுத்துக்கொண்டு, “வந்துடறேண்ணே” என்று போனான். எப்போதாவது போன் பண்ணுவான். நான் கேட்பது ஒரே கேள்வி.

“எங்கேடா இருக்கே?”

“இங்கதாண்ணே.”

“இங்கேன்னா?”

“பூமியில.”

அப்படியே சிரித்துக்கொண்டு வைத்துவிடுவான். ஊர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. நாலு வருஷமாக அந்தப் போனும் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று விசாரிக்கலாம் என்றால், எந்த ஊரில் போய் விசாரிப்பது? ஒரே ஓர் ஊர் பெயர். அது போதும் எனக்கு. அது கிடைக்காமல்தான் அவனுடைய கட்டிலைப் பின்னறையில் விரித்தது விரித்தபடியே வைத்திருந்தேன்.

அவனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். இரண்டு இலக்க எண் எதையும் முதலில் திருப்பித்தான் எழுதுவான். இருபத்தாறு என்றால் அறுபத்திரண்டு. பிறகு அழித்துவிட்டுச் சரியாக எழுதுவான். வாத்தியார் காதைத் திருகித் திருகி, காது நீண்டதே தவிர அந்தப் பழக்கம் போகவில்லை.

இனி கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன்.

கேப்டன் என்று ஒரு பெண். அது நான் வைத்த பெயர். நான் வேலையில் இருந்த கடைசி வருஷம் அவள் ஒரு லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். ஏழு மணி நேரம் வெளியே நின்று தைரியம் சொல்லிக் காப்பாற்றினேன். இருபது நிமிஷம்தான் என்பாள் அவள், நன்றி கெட்டவள். அந்தப் பழக்கத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து, தன் கூட்டத்திலும் சேர்த்துக்கொண்டாள். ஒரு நிரலை ஆயிரம் கம்ப்யூட்டர்களில் ஒரே நேரத்தில் கொண்டுபோய் நிறுவுகிற சாஃப்ட்வேர் அவர்களுடையது. இலவசம். அதன் உள்ளடக்கத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். உழைப்பவர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத தன்னார்வலர்கள். சிக்கல் என்னவென்றால், ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் கட்டினால் ஓடுவது அடுத்தவர் வீட்டில் படுத்துக்கொள்ளும். அதற்குத்தான் கன்டெய்னர். கம்ப்யூட்டருக்குள்ளேயே மூடிய ஒரு பெட்டி. என்னென்ன வைக்க வேண்டும் என்று ஒரு செய்முறையை வரி வரியாக எழுதிக் கொடுத்தால், காலியிலிருந்து தொடங்கி அது தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். எல்லாரும் அதே பெட்டிக்குள் வேலை செய்தால் சண்டையே வராது.

சனிக்கிழமை கேப்டன் கூப்பிட்டாள்.

“அங்கிள், அந்தப் பெட்டி உங்க பொறுப்பு. திங்கக்கிழமை வேணும்.”

“நானா? என் வயசென்ன…”

“போன வாரம் தொண்ணூறுன்னீங்க.”

“மழைக்காலத்துல ரெண்டு மூணு கூடும்.”

“ஒண்ணே ஒண்ணு மறந்துடாதீங்க. எதுவும் கேக்காதேன்னு செய்முறையில ஒரு வரி போடணும். இல்லேன்னா பாதியில நின்னு, நீங்க எந்த ஊருன்னு கேக்கும். கடிகாரம் வைக்கறதுக்காக. கேட்டுட்டு அப்படியே நின்னுடும்.”

“பதில் சொல்லிட்டா போச்சு.”

“யாரு சொல்றது? உங்க கீபோர்டு வெளிய இருக்கு. பெட்டிக்குள்ள ஆளா உக்காந்திருக்காங்க?”

இருவரும் சிரித்தோம்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு, பின்னறையில் மேசை முன் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் தம்பியின் கட்டில். செய்முறையை எழுதி ஓட விட்டேன். திரையில் வரிகள் ஓடின… நின்றன.

நீங்கள் எந்த ஊர் நேரத்தில் இருக்கிறீர்கள்? கீழே வரிசையாக ஊர்கள், எண்களோடு.

அந்த வரியை மறந்திருந்தேன். புதிதாக வருகிற எல்லாரும் செய்கிற தப்பாம். எதை எதையோ தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. சரிதான், அழித்துவிட்டு மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று காபி போடப் போனேன்.

திரும்பி வந்தால் பெட்டி கட்டி முடிந்திருந்தது.

கேள்விக்குப் பக்கத்தில் ஓர் எண் இருந்தது. 41. நாற்பத்தொன்றாவது ஊர் எது என்று பார்த்தேன். கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற ஊர். எனக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கேப்டனுக்குப் போன் போட்டேன்.

“சான்ஸே இல்ல அங்கிள். அது பதில் வாங்காது.”

“வாங்கியிருக்கே.”

“நீங்க கதை விடறீங்க.”

“காபி டம்ளர் மேல சத்தியம்.”

“எல்லாத்தையும் சுத்தமா அழிங்க. அந்த வரியைப் போட்டு மறுபடி ஓட்டுங்க. கேக்கவே கேக்காது.”

அழித்தேன். வரியைப் போட்டேன். போட்டிருக்கிறேனா என்று இரண்டு தரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஓட விட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வரிகள் ஓடின. அதே இடத்தில் நின்றன.

எந்த ஊர்?

கேட்காதே என்று சொல்லியும் கேட்டது. சரி, எழுத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். லிஃப்ட் புத்தி. பலகையைக் கழற்றினால் காரணம் கிடைக்கும் என்கிற புத்தி.

அப்போது ஒரு எண் விழுந்தது. 1.

கொஞ்சம் பொறுத்து… 4.

மெஷின் அடித்தால் கண்ணிமைப்பதற்குள் அடித்துவிடும். இது அப்படி இல்லை. ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற மாதிரி.

பதினாலு. நின்றது.

பிறகு நாலு அழிந்தது. ஒன்று அழிந்தது.

4… 1.

கட்டிலைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பார்க்கவில்லை.

எழுந்து கீபோர்டின் வயரைப் பிடுங்கினேன். அதைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டேன். இன்டர்நெட் வயரையும் உருவினேன். தேவையானதெல்லாம் ஏற்கெனவே இறங்கிவிட்டது. வெளியிலிருந்து இனி எதுவும் வர வேண்டியதில்லை, வரவும் முடியாது. பெட்டியை அழித்தேன். மவுஸாலேயே மூன்றாவது முறை ஓட விட்டேன்.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

வரிகள் ஓடின…

நின்றன.

எந்த ஊர்?

எதுவும் வரவில்லை. திரையில் அந்தச் சின்னக் கோடு மட்டும் விட்டு விட்டுத் துடித்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதே மூச்சில், ஏன் என்று இன்றைக்கும் தெரியாது, என் வாய் தானாகத் திறந்தது.

“எங்கேடா இருக்கே?”

டக்.

பின்னாலிருந்து. கட்டிலிலிருந்து.

திரையில் 1.

டக்.

4.

கவிழ்ந்து கிடக்கிற கீபோர்டு. வயர் என் காலடியில்.

டக்… டக். இரண்டும் அழிந்தன.

டக்.

4.

நெடுநேரம் எதுவும் இல்லை. கைவிட்டுவிட்டான் என்று நினைத்தேன். ‘விட்டுவிட்டான்’ என்றுதான் நினைத்தேன். ‘நின்றுவிட்டது’ என்று நினைக்கவில்லை.

டக்.

1.

பெட்டி தன் கடிகாரத்தை அந்த ஊருக்கு வைத்துக்கொண்டது. நேரத்தைத் திரையில் காட்டியது. 11.52.

எங்கள் சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபத்திரண்டு. அந்த ஊர் எங்களுக்கு இரண்டரை மணி நேரம் பின்னால்.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை.

திரும்பிப் பார்த்தேன். கட்டில் காலி. கீபோர்டு கவிழ்ந்தபடியே கிடந்தது. அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அந்த மூன்றாவது பெட்டியை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. இன்டர்நெட் வயரை மறுபடி மாட்டி, அப்படியே கேப்டனுக்கு அனுப்பிவைத்தேன்.

திங்கள் காலை கூப்பிட்டாள். “சூப்பரா ஓடுது அங்கிள். எல்லாரும் இறக்கிட்டாங்க. ஆனா கடிகாரம் ஏன் அந்த ஊருல இருக்கு?”

“இருக்கட்டும்மா.”

“எதுக்கு?”

“இருக்கட்டும்.”

நான் சுருக்கமாகப் பேசினால் அவளுக்குப் பயம். மேலே கேட்கவில்லை.

ஆறாம் நாள் தெரியாத எண்ணிலிருந்து போன். ஓர் ஆண் குரல். தயங்கித் தயங்கிப் பேசினான்.

“அண்ணே… நான் உங்க தம்பி கூட வேலை பாத்தவன். ஒரே ரூம்.”

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

“அவன் போன் ரொம்ப நாளா உடைஞ்சு கிடந்துச்சு. இப்பதான் சரி பண்ணேன். உள்ள ஒரே ஒரு நம்பர்தான் இருந்துச்சு. அண்ணன்னு போட்டு.”

“எந்த ஊர்லேந்து பேசறீங்க?”

கேட்டேனே தவிர, அவன் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெயர் என் நாக்கில் இருந்தது. அதே பெயரைச் சொன்னான்.

காய்ச்சல் என்று படுத்தவனாம். கடைசி மூன்று நாள் பேச்சு இல்லை.

“ஆனா ஞாயித்துக்கிழமை ஒண்ணு பண்ணாண்ணே. ஒத்தை விரலால பெட்ஷீட்டுல தட்டினான். தட்டிட்டு, தொடைச்சான். மறுபடி தட்டினான். யாருக்கோ எதையோ எழுதற மாதிரி. மூணு தடவை அப்படிப் பண்ணான். மூணாவது தடவை பாதியில ரொம்ப நேரம் கை நின்னு போச்சு. முடிஞ்சுதுன்னு நெனைச்சேன். அப்புறம் கடைசியா ஒரு தட்டு. அவ்வளவுதாண்ணே.”

“அப்ப மணி என்ன?”

“பன்னெண்டாக எட்டு நிமிஷம்.”

அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்களாம். பையை மட்டும் அனுப்பிவைப்பதாகச் சொன்னான்.

போன வியாழன் மதியம் பை வந்தது. இரண்டு சட்டை, ஒரு பெல்ட், உடைந்த கண்ணாடி. அடியில் எங்கள் வாசல் சாவி. பதினோரு வருஷம் கையில் வைத்திருந்து, வழவழவென்று தேய்ந்திருந்தது. எல்லாவற்றையும் அவன் கட்டிலின் மேல் வைத்தேன். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கேப்டன் கூப்பிட்டாள்.

“அங்கிள், கடிகாரத்தை மாத்திட்டீங்களா?”

“இல்லையே.”

“நேத்து மதியத்துலேந்து பெட்டிக்குள்ள நம்ம ஊர் நேரம் காட்டுது. எல்லாருக்கும்.”

“வேற யாராவது புதுசா கட்டியிருப்பாங்க.”

“கட்டினா முத்திரை மாறணும் அங்கிள். உள்ள ஒரு புள்ளி மாறினாக்கூட பெட்டியோட முத்திரை எண் மாறிடும். நீங்க அனுப்பின அன்னிக்கு என்ன முத்திரையோ, அதேதான் இப்பவும். யாருமே தொடலை. ஊர் மட்டும் மாறியிருக்கு.”

நான் போனைக் காதில் வைத்தபடி பின்னறை வாசலில் நின்றேன். கட்டிலில் பை இருந்தது. சாவி இருந்தது. அலமாரி பூட்டு பூட்டியபடியே இருந்தது.

“அங்கிள்… வீட்ல யாராவது இருக்காங்களா?”

“ஏம்மா?”

“இல்ல… பின்னாடி யாரோ டைப் அடிக்கற சத்தம் கேக்குது. மெதுவா. ஒத்தை விரலால அடிக்கற மாதிரி.”

எனக்கும் கேட்டது.

“இருக்கான்,” என்றேன்.