முக்காணிப் பாலம் மூடியபோது: புன்னைக்காயல் சுற்றி வீட்டுக்கு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் நண்பர்கள், வழியில் புன்னைக்காயலையும் எட்டிப் பார்த்துவிடலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் நான் முதல்முறை போன வழியில் மட்டும் போகாதீர்கள்.

அது எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். நான் தூத்துக்குடியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, விடுதியில் வாசம். ஊர் தாமிரபரணியின் தென்கரையில், ஆத்தூருக்கு மேற்கே நாலு கிலோமீட்டர். நெல்லும் வாழையுமான ஊர். வீட்டில் அப்பா, அம்மா இரண்டே பேர்.

விடாமல் மழை பெய்து விடுதிக் கீழ்த்தளத்தில் கணுக்கால் தண்ணீர் நின்றது. கல்லூரியை மூடிவிட்டார்கள். ஆறு உடைத்துக்கொண்டதாகப் பால்காரர் முதல் வார்டன் வரை ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஆற்றங்கரையில் ஊர் எதுவும் மிச்சமில்லை என்றார் மெஸ்காரர், சாம்பாரைக் கலக்கிக்கொண்டே. தந்தி ஆபீசில் லைன் அறுந்து கிடந்தது. அப்பாவும் அம்மாவும் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் அந்தச் சாம்பாரைச் சாப்பிட முடியவில்லை. மழை விட்ட காலையில், மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

பழையகாயல் வரைதான் டிக்கெட், அறுபத்தைந்து பைசா. பதினாறு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு பக்கமும் உப்பளங்கள் இருந்த இடத்தில் ஒரே தண்ணீர், ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் பாதியாகக் கரைந்து போயிருந்தன. ஆற்றுப் பாலம் இருக்கிற முக்காணி வரை ஏன் போகாது என்று கண்டக்டரிடம் கேட்டேன்.

"பாலத்துக்கு மேல தண்ணி ஓடுது தம்பி. போலீசு நிக்கி."

"நடந்து போக முடியாதா?"

"போலாம். ஆனா ஆத்தூருக்குப் போக மாட்டீரு, கடலுக்குத்தான் போவீரு."

பழையகாயலில் புன்னைக்காயல்காரர் ஒருவர் மண்ணெண்ணெய் டின்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். பெயர் சூசை. கழிமுகம் வழியாக அக்கரை போனால் அங்கிருந்து ஆத்தூருக்கு நடக்கலாம் என்றார். ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். "ஏறும். நடுவுல எந்திரிச்சு நின்னீரு, நானே தள்ளி விட்டுருவேன்" என்றார். நான் எந்திரிக்கவில்லை. இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தவன் கரை வரும்வரை விடவில்லை.

ஆறு அன்று செம்மண் கரைசலாக ஓடியது. குலையோடு வாழைகள் வந்தன, ஒரு கூரை வந்தது, ஒரு வைக்கோல் படப்பு அப்படியே மிதந்து வந்தது. அது எங்கள் படப்பா என்று உற்றுப் பார்த்தேன். எல்லாப் படப்பும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. விடுதி ஜன்னலில் உட்கார்ந்து மழையைப் பற்றி நான் நாலைந்து கவிதைகள் எழுதியிருந்தேன். அன்றோடு விட்டேன். தமிழுக்கு நஷ்டமில்லை.

கடலுக்குள் வெகுதூரம் வரை தண்ணீர் பழுப்பாக இருந்தது, அதற்கப்பால்தான் பச்சை. அதைப் பார்த்துச் சூசைக்கு ஒரே சந்தோஷம். "வெள்ளம் கடல்ல எறங்குச்சுல்லா, இனி எறா அள்ளலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் முகத்தைப் பார்த்தவர் துடுப்பை நிறுத்தி, "ஒங்க ஊருக்கு இது ஆவாதுதான்" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஒரே தண்ணீர்தான், எங்களிடம் பிடுங்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுக்கிறது.

பத்தரை மணிக்குப் புன்னைக்காயல். கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில், வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்களுக்கு ஊர்ப்பெண்கள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஊற்றிய அக்காவிடம் என் ஊரைச் சொல்லி வழி கேட்டேன். அவர் அகப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த ஊர்க்காரவுக ஒருத்தர் ரெண்டு நாளா இங்கனதான் இருந்தாவ. மீனு திங்க மாட்டாவளாம், மோரு கேட்டாவ. மோருக்கு நான் எங்க போவேன்? மகன் தூத்துக்குடியில படிக்கான், அவனைப் பாக்கணும்னு ஒரே அழுகை. இன்னைக்கு விடியக்காலம் அரிசி எடுக்கப் போன விசைப்படகுல ஏறிப் போயிட்டாவ."

மீன் தின்னாத, மகன் தூத்துக்குடியில் படிக்கிற ஆள் எங்கள் ஊரில் ஒருவர்தான். ஆற்றில் இடுப்பளவுக்கு மேல் இறங்காத என் அப்பா, அந்தக் கடலில் போயிருந்தார். நான் தேடி வந்தவர் என்னைத் தேடிப் போயிருந்தார். கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். படகு திரும்பும்வரை கரையில் உட்கார்ந்திருந்தேன். அலை ஒவ்வொன்றையும் பார்த்துப் பயந்தேன், வேறு எதுவும் செய்யவில்லை.

ஐந்து மணிக்குப் படகு வந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். "ஒங்கப்பாவா? வழி பூரா வாந்தி" என்றார் படகோட்டி. "எறக்கி, ரிக்சாவுல ஏத்தி விட்டுட்டுல்லா வாரோம். நல்லாத்தான் இருக்காவ." அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

இரவு பள்ளிக்கூடத்தில் படுத்து, காலையில் பத்துக் கிலோமீட்டர் சேற்றில் நடந்தேன். வீட்டின் ஒரு பக்கச் சுவர் விழுந்திருந்தது, வயலில் நெல் இல்லை. அம்மா இருந்தாள். கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, "அப்பா எங்கலே?" என்றாள். சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"தண்ணி இங்கன இருந்து அங்கனதானலே போவுது. நமக்கே முழங்காலுக்கு நின்னா, கடைசில இருக்க ஊரு என்ன கதி ஆயிருக்கும்னு ஒங்கப்பா ஒறங்கவே இல்ல."

வாய்க்கால் பாசனக்காரர்கள் கணக்கு அப்படித்தான். கடைமடைக்குத்தான் எல்லாத் தண்ணீரும் போய்ச் சேரும். ஆறு தூத்துக்குடிக்குப் போகவில்லை, தெற்கே தள்ளிப் புன்னைக்காயலில் கடலில் விழுகிறது என்பது அப்பாவுக்கும் தெரியும். மகன் என்று வந்ததும் மறந்துவிட்டது. நானும் விடுதியில், மேலே இருப்பவர்களுக்குத்தான் முதல் அடி என்று நினைத்துத்தானே ஓடி வந்தேன்.

இப்போது போகிறவர்களுக்கு: ஆத்தூரிலிருந்து புன்னைக்காயலுக்கு டவுன் பஸ் உண்டு, ஆறு கிலோமீட்டர்தான். ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்துவிடுங்கள். காலையில் போனால் படகுகள் கரைக்கு வருவதைப் பார்க்கலாம். ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போக உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், மணல் திட்டு வருஷத்துக்கு வருஷம் இடம் மாறும். சைவக்காரர்கள் சோற்றைக் கட்டிக்கொண்டு போவது நல்லது.

அப்பா கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். சுவருக்கு ஓலை கட்டிக் கொடுத்துவிட்டு, நாலாம் நாள் பாலம் திறந்ததும் விடுதிக்குத் திரும்பினேன். நான் ஊருக்குப் போய்விட்டேன் என்று வார்டன் சொல்லியும், இனி படகில் கால் வைப்பதில்லை என்ற முடிவில் அப்பா அங்கேயே தங்கிவிட்டிருந்தார். என் கட்டிலில், என் போர்வையைப் போர்த்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பற்றி, மாட்டைப் பற்றி, சுவரைப் பற்றிக் கேட்டார். ஊர்ச் சேதி எல்லாவற்றையும் நான்தான் அவருக்குச் சொன்னேன். நெல் போனதைச் சொன்னபோது போர்வையை மடிக்க ஆரம்பித்தார். மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்:

"பொழுது சாஞ்சா இங்கன என்னலே செய்வ?"

"சும்மாதான் இருப்பேன்."

"நாலு நாளு எனக்கே தாங்கல. ஒன்றர வருசமா நீ எப்படிலே இருக்க?"

அதுவரை யாரும் கேட்டதில்லை. பழகிவிட்டது என்றேன். அவர் நம்பவில்லை. தீபாவளி, பொங்கல் தவிர மற்ற நாளில் நான் ஊருக்கு வந்தால் முகம் சுளிக்கிறவர், "வார சனிக்கெழம வாலே, படிப்பு எங்கயும் போயிராது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

சனிக்கிழமை போனேன். பஸ் முக்காணியில் நின்றபோது, அப்பா பாலத்தைத் தாண்டி வந்து வடகரையில் நின்றுகொண்டிருந்தார்.