அய்யாவு மாட்டிய படம்

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவில் படங்களுக்குக் கண்ணாடி ஃபிரேம் போடும் அய்யாவுக்கு வாடிக்கையாளர்கள் இரண்டே வகை: சாமிகள், செத்துப்போனவர்கள். இரு தரப்பும் குறை சொல்லாததால் முப்பது வருடமாகப் பிழைப்பு ஓடியது. எந்தப் படமானாலும் வேலை முடிந்ததும் கண்ணாடியில் சந்தனம், குங்குமம் வைத்துத்தான் கொடுப்பார்.

ஓவியம் வரையும் மாதவி கொண்டுவந்த படத்தில் சாமியும் இல்லை, ஆளும் இல்லை. முழுக்கச் செம்மண் நிறத்தை இழுத்து வழித்திருந்தாள். ஓரத்தில் மட்டும் ஒரு பச்சைக் கட்டம், அதுவும் பாதி. அய்யாவு படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் அவர் பிறந்த லயத்தை, அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையை, வீடமைப்புக் கம்பெனி இடித்துத் தள்ளிய அன்று, கடைசிவரை நின்றது அவர் வீட்டுப் பச்சைக் கதவுதான். எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. இப்போது யாரோ ஒரு பெண் வரைந்துவிட்டாளே என்று மனுஷன் அழுதேவிட்டார். செத்தவர்களுக்கு வைப்பதுபோலவே, அந்தப் பச்சைக்கு நேராகக் கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்தார்.

படத்தை எடுக்க வந்த மாதவி பதறிப்போனாள்.

"என்ன அங்கிள் இது?"

"எங்க லயம்தானேம்மா? கீழ தோட்டத்துப் பேர எழுதிடும்மா. நாலு பேரு படிக்கட்டும்."

"இது வெறும் கலர் அங்கிள். நீங்க என்ன பாக்குறீங்களோ அதுதான். எனக்கு பாலிடிக்ஸ்லாம் வேணாம்லா. பேரு போட்டா கேலரியில மாட்டவே மாட்டாங்க."

"வரையிறவங்களே சொல்லலன்னா, நாங்க யாருகிட்டம்மா போய்ச் சொல்றது?"

அவள் கூலிப் பணத்தை எண்ணி மேசையில் வைத்தாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? அவளும் வயிற்றுக்காக வரைகிறவள்தான்.

"தொடச்சிருங்க அங்கிள், ப்ளீஸ்."

துடைத்தார்.

அடுத்த மாதம் படம் விற்றுப்போனது. வாங்கியவர்களின் அலுவலகத்தில் மாட்டித் தர மாதவி அவரைத்தான் அனுப்பினாள். வாசல் பலகையைப் பார்த்ததும் அய்யாவு படத்தைக் கீழே இறக்கி வைத்தார். லயத்தைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதத்தின் தலையில் இருந்த அதே சின்னம். திரும்பிப் போயிருக்கலாம். போனால் வேறொருவன் வருவான், கதவைக் கோணலாக மாட்டிவிட்டுப் போவான்.

ஆணி அடித்தார். மட்டம் வைத்துப் பார்த்தார். தமிழ்க்கார மேனேஜர் தள்ளி நின்று ரசித்தார்.

"பாக்கவே மனசுக்கு அமைதியா இருக்கு, இல்ல அங்கிள்?"

அய்யாவு சுத்தியலைப் பைக்குள் வைத்தார்.

"ஆமா பாஸ்."

"அந்தப் பச்சை பக்கத்துல, ஃபிரேம் இடுக்குல, ஏதோ மஞ்சளா ஒட்டியிருக்கு பாருங்க. தொடச்சிருங்க."

அய்யாவு தோள் துண்டை எடுத்து இரண்டாவது முறையும் துடைத்தார்.